கத்திரிக்கு முந்திய ஒரு மணி நேரம்

எண்பதுகளில் நான் நர்சிங் படித்த மருத்துவமனையின் லேபர் வார்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. தலைப்பிரசவம் என்றால் கத்திரி உண்டு. கேஸ் ஷீட்டில் ‘பிரைமி’ என்று பார்த்ததுமே ஆயாம்மா எபிசியோட்டமி ட்ரேயைக் கட்டிலருகே கொண்டுவந்து வைத்துவிடுவார். குழந்தை பெரிதா சிறிதா, தசை இளகி வருகிறதா என்ற கேள்விக்கெல்லாம் இடமே கிடையாது. எங்கள் கேஸ் புக்கிலும் அதற்கென்று ஒரு பகுதி இருந்தது. இத்தனை எபிசியோட்டமி போட்டு, இத்தனை தைத்து, சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் மிட்வைஃபரி பரீட்சைக்கு உட்கார முடியும். மாணவிகளின் கணக்கு நிறைய வேண்டும் என்பதற்காகவும் சில பெண்கள் வெட்டப்பட்டார்கள். இதை நான் வருத்தத்தோடு எழுதுகிறேன்.

குழந்தையின் தலை வெளியே வரும் தறுவாயில், பிறப்புவாயின் கீழ் விளிம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தசையைக் கத்திரியால் வெட்டி வழியை அகலமாக்குவதுதான் எபிசியோட்டமி. பெரினியம் என்று நாங்கள் சொல்லும் அந்த இடம் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். வீடுகளில் “சுகப்பிரசவம்தான், தையல் போட்டிருக்கு” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தத் தையலோடு அவள் எப்படி உட்கார்ந்து பால் கொடுக்கிறாள், கக்கூஸுக்குப் போக எப்படிப் பயப்படுகிறாள் என்பது பெற்றவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த சமாசாரம்.

வெட்டுவதற்கு வகுப்பில் மூன்று காரணங்கள் சொன்னார்கள். தானாகக் கிழிந்தால் தாறுமாறாகப் போகும், வெட்டினால் நேராக இருக்கும், ஆறுவதும் சுலபம். ஆசனவாய் வரை கிழியாமல் காக்கும். பின்னாளில் கருப்பை இறங்காது. மூன்றையும் மனப்பாடம் செய்தோம். 1742-ல் டப்ளின் நகரத்து மருத்துவர் ஃபீல்டிங் ஊல்ட் இந்த வெட்டைப் பற்றி எழுதியபோது, தலை வாசலில் வந்து சிக்கி நிற்கும் அபூர்வமான கேஸ்களுக்குத்தான் சொல்லியிருந்தார். 1920-ல் சிகாகோவின் ஜோசப் டிலீ அதைத் தலைப்பிரசவங்களுக்கான வழக்கமாகவே செய்யலாம் என்று வாதாடினார். பிரசவம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இடம் மாற மாற அந்த வழக்கமும் நாடு நாடாகப் பரவி, எங்கள் ஊர் ட்ரே வரைக்கும் வந்துவிட்டது.

வேலையில் சேர்ந்து சில வருடங்கள் நானும் அப்படித்தான் பிரசவம் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி பார்க்க நேரமும் இருக்காது. வரிசையாகக் கட்டில்கள். ஒருத்தி முக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவளுக்குப் பனிக்குடம் உடையும். கட்டில் காலியாக வேண்டும், டேபிள் கழுவ வேண்டும். கத்திரி போட்டால் பத்து நிமிஷம் மிச்சம். தையல் போடும் நேரத்தைச் சேர்த்தால் மிச்சமே இல்லை என்பதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலானேன். மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு அங்கே வந்திருந்தது. ராத்திரி டூட்டியில் ஒரு நர்ஸ், ஓர் ஆயா, வலியோடு ஒரு பெண், அவளுடைய துணைக்கு அம்மாவோ அக்காவோ. அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை. அங்கேதான் முதல்தடவையாக ஒரு பிரசவத்தின் கடைசி ஒரு மணி நேரத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கியது. வெட்டுவதா வேண்டாமா என்பதைத் தலை தெரியும் அந்த நிமிஷத்தில் முடிவு செய்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பாதி முடிவு அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில், நாம் அவளை எப்படி நடத்தினோம் என்பதிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

கருப்பை வாய் முழுசாகத் திறந்து பத்து சென்டிமீட்டர் ஆனவுடனே “முக்கு, முக்கு” என்று நான்கு பேர் சுற்றி நின்று கத்துவது நம் லேபர் வார்டுகளின் கெட்ட பழக்கம். அவளுக்கு முக்கத் தோன்றும் முன்பே மூச்சை அடக்கி முக்கச் சொன்னால் அவள் களைத்துப்போவாள், குழந்தையும் களைத்துப்போகும், தசை இளக அவகாசம் கிடைக்காது. தலைப்பிரசவத்தில் இந்தக் கட்டம் மூன்று மணி நேரம் வரையிலும், அடுத்த பிரசவங்களில் இரண்டு மணி நேரம் வரையிலும் நீளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை கடிகாரத்தைக் காட்டி வெட்ட வேண்டியதில்லை. வலி வர ஏற்றும் டிரிப்பைத் தேவைக்கு மேல் வேகமாக விடுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். மேல்வயிற்றை அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதை அந்த வழிகாட்டுதல் கூடாது என்றே சொல்லிவிட்டது. ஆனாலும் பல இடங்களில் அமுக்குகிறார்கள். தலை திடீரென்று பிதுங்கி வந்து கிழித்துவிட, “பார்த்தியா, வெட்டியிருக்கணும்” என்று பழி வெட்டாததன் மேல் விழும்.

நான் முதலில் பார்ப்பது மூத்திரப்பையை. நிறைந்திருந்தால் காலி செய்ய வைப்பேன். பிறகு அவள் படுத்திருக்கும் விதம். மல்லாந்து, காலைத் தூக்கிக் கட்டிய நிலை நமக்குத்தான் வசதி. தொடை அளவுக்கு மேல் விரிந்தால் பெரினியமும் சேர்ந்து விறைத்துவிடும். இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை அவள் அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் தலை மெதுவாக இறங்கும். சுத்தமான துணியைப் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, முக்கும் நேரமெல்லாம் பெரினியத்தின் மேல் வைத்துப் பிடிப்பேன். நம் பாட்டிமார்களுக்குப் பழகிய ஒத்தடம்தான் இது. 2018 வழிகாட்டுதலிலும் இடம்பெற்றிருக்கிறது. கண்ணீரும் வேர்வையுமாகக் கிடப்பவளுக்கு அந்தச் சூடு தரும் நிம்மதியை முகத்திலேயே பார்க்கலாம்.

தலை வந்து நின்று, வலி இறங்கின பிறகும் உள்ளே திரும்பிப் போகாத கட்டத்தை கிரவுனிங் என்போம். இங்கேதான் கை வேலை. குழந்தை தாடையை நெஞ்சில் ஒட்டிக் குனிந்து வந்தால், வழியைக் கடக்கும் தலையின் அளவு ஒன்பதரை சென்டிமீட்டர். நிமிர்ந்துவிட்டால் அது பதினொன்றரை. இந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் கிழிவதும் கிழியாததும் இருக்கிறது. பின்தலை தாயின் இடுப்பு முன்எலும்புக்கு அடியிலிருந்து வெளிப்படும்வரை தலையை நிமிரவிடாமல் இடது கை விரல்கள் மேலே லேசாகத் தாங்கும். வலது கை கீழே பெரினியத்தை அணைத்திருக்கும். “முக்காதே தாயி. வாயைத் திற. ஊது, ஊது” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வலி ஓய்ந்த இடைவெளியில், அவள் ஊதும் மூச்சிலேயே தலை வர வேண்டும்.

இத்தனையும் செய்துகொண்டிருக்கும்போது என் கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். காது குழந்தையின் இதயத்துடிப்பில். சாதாரணமாக நிமிஷத்துக்கு 110-லிருந்து 160. இந்தக் கட்டத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். வலியின் உச்சத்தில் தலை நசுங்கும்போது துடிப்பு கொஞ்சம் இறங்கி, வலி ஓய்ந்ததும் ஏறிவிட்டால் பொறுத்திருக்கலாம். வலி ஓய்ந்த பின்பும் இறங்கியே கிடந்தால் பொறுக்கக் கூடாது. கண் பெரினியத்தின் தோலில். நன்றாக இளகும் தோல் மெலிந்தாலும் சிவப்பு மாறாது. ரத்தம் வற்றி வெளுத்து, பளபளவென்று இழுபட்டு, மயிரிழை போலக் கீறல்கள் ஓடத் தொடங்கினாலோ, உள்ளேயிருந்து புதுரத்தம் கசிந்தாலோ தசை இனி தாங்காது என்று அர்த்தம். அப்போதும் அது எங்கே கிழியப் போகிறது என்பதுதான் கேள்வி. சிறு தோல் கிழிசலுக்குப் பயந்து வெட்டினால், வராத காயத்துக்குப் பதிலாகப் பெரிய காயத்தை நாமே கொடுக்கிறோம். எபிசியோட்டமி என்பதே தோலும் தசையும் சேர்ந்த இரண்டாம் நிலைக் காயம்.

மில்லில் வேலை பார்த்த பெண் ஒருத்தி, தலைப்பிரசவம். வெளியே மாமியார் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். “கத்திரியப் போட்டு வெரசா எடுத்துருங்க சிஸ்டர், புள்ள தவிக்குது.” முக்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் தாண்டியிருந்தது. துடிப்பு 140-ல் நின்றது. வலியில் 110-க்கு வந்து உடனே ஏறியது. தோல் சிவப்பு மாறவில்லை. வெட்டக் காரணமே இல்லை. ட்ரேயைத் துணி போட்டு மூடி எட்டத்தில் வைத்துவிட்டு, அவளை ஒருக்களிக்க வைத்தேன். அவள் அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டே கூடவே ஊதினார். தலை வந்தது. தோலில் ஒரு சிறு கீறல், ரத்தம் நின்றுவிட்டது, தையல் இல்லை. மறுநாள் காலை அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொருத்திக்கு இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை தையலில்லாமல் பிறந்தது. வழக்கப்படி பார்த்தால் அவளுக்குக் கத்திரியே எடுத்து வைக்க மாட்டார்கள். பனிக்குடம் உடைந்து பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது. தலை கீழே வந்து நின்றபோது துடிப்பு 80-க்கு இறங்கி, வலி போன பிறகும் ஏறவில்லை. பச்சைத் தண்ணீரைப் பார்த்ததுமே மரத்துப்போகும் ஊசியை ஏற்றி வைத்திருந்தேன். “பிள்ளைக்கு மூச்சு முட்டுது தாயி. கொஞ்சம் வெட்டினா ஒடனே வந்துரும். சரியா?” என்றேன். “ஏதாச்சும் பண்ணுங்கக்கா.” அடுத்த வலியில் வெட்டினேன், அதே வலியில் குழந்தை வந்தது. கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. துடைத்து முதுகைத் தேய்த்ததும் அழுதான். அன்றைக்கு அந்த வெட்டைத் தள்ளிப்போட்டிருந்தால் அது இயற்கைப் பிரசவம் என்ற பெயருக்காகச் செய்த குற்றமாகியிருக்கும்.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எத்தனையாவது பிரசவம் என்பதற்கும் வெட்டுக்கும் நேரான தொடர்பில்லை என்பது புரியும். குழந்தையின் துடிப்பு விழுவது, ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வருவது, தோள் சிக்கிக் கையை உள்ளே விட இடம் தேவைப்படுவது, முந்தைய பிரசவத்தில் ஆசனவாய் வரை கிழிந்து சரியாக ஆறாத தழும்பு இருப்பது - என் அனுபவத்தில் காரணங்கள் இவ்வளவுக்குள் அடங்கிவிடும்.

நான் கையால் கற்றது ஏற்கெனவே ஆய்வுகளில் நிரூபணமானது என்பது பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. அவற்றில் ஒன்றை முன்னின்று நடத்தியவர் ஒரு மருத்துவச்சி என்று கேட்டபோது மனம் நிறைந்தது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஜெனிஃபர் ஸ்லீப் நடத்திய அந்த ஆய்வு 1984-ல் வெளிவந்தது. ஆயிரம் பெண்கள். ஒரு பிரிவில் குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் வெட்டு, மற்றதில் கிழிவதைத் தடுக்கத் தாராளமாக வெட்டு. முதல் பிரிவில் பத்தில் ஒருவரும், இரண்டாவதில் சுமார் பாதிப் பேரும் வெட்டப்பட்டார்கள். குழந்தைகளின் நிலையிலோ தாய்மாரின் வலியிலோ வித்தியாசமில்லை. காயமே இல்லாமல் எழுந்தவர்கள் முதல் பிரிவில் அதிகம். 1993-ல் அர்ஜென்டினாவில் 2606 பெண்களிடம் பார்த்தபோதும், தாராளமாக வெட்டியதால் ஆசனவாய்க் கிழிசல் குறையவில்லை. 2018-ல் உலக சுகாதார நிறுவனம், தானாக நடக்கும் பிரசவத்தில் வழக்கமாக வெட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று தெளிவாகவே எழுதிவிட்டது.

“அதெல்லாம் வெள்ளைக்காரிக்குச் சரி, நம்ம பிள்ளைங்களுக்குப் பெரினியம் சின்னது” என்று டாக்டர்கள் சிலர் சொல்வார்கள். இதை நான் தள்ளிவிடவில்லை. இங்கிலாந்தில் பிரசவிக்கும் ஆசியப் பெண்களுக்கு ஆசனவாய்க் கிழிசல் அபாயம் கூடுதல் என்று அங்குள்ள மகப்பேறு மருத்துவர் சங்கமே குறிப்பிடுகிறது. தலைப்பிரசவத்தில் ஆயுதம் போடும்போது நான் இருந்தாலும் சரியான கோணத்தில் வெட்டச் சொல்வேன். ஆனால் அபாயம் கூடுதல் என்றால் கூடுதலாகப் பொறுத்து, கூடுதலாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதுதானே முதலில் வர வேண்டிய முடிவு? இன்னொன்றும் சேர்த்து யோசிக்க வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. வெட்டிய இடத்திலிருந்து ரத்தம் போகும். சீக்கிரமே வெட்டிவிட்டுத் தலைக்காகக் காத்திருந்தால் இன்னும் போகும். ஏற்கெனவே ரத்தம் குறைந்தவளுக்கு அதுவும் ஒரு கணக்கு.

வெட்ட வேண்டும் என்று முடிவானால் நன்றாக வெட்ட வேண்டும். லிக்னோகெய்ன் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, கிடுக்கியால் கிள்ளிப் பார்த்து, உணர்வில்லை என்றால்தான் கத்திரி. “வலியோட வலியா வெட்டிட்டா தெரியாது” என்று சொல்லி ஊசி போடாமலே வெட்டுவதை நான் வேலை பார்த்த ஓரிடத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரியும். வருஷக்கணக்கில் மறக்காமல் சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். தைக்கும்போது மரத்துப்போகாமல் இழுப்பதும் அதே கொடுமைதான். குழந்தை உயிருக்குப் போராடும் ஒரு நொடியைத் தவிர இதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

தலைக்கும் தசைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுக் குழந்தையைக் காத்துக்கொண்டு, நடுவிலிருந்து வலதுபக்கமாகச் சாய்த்து வெட்ட வேண்டும். தசை விம்மி நிற்கும்போது அறுபது டிகிரி சாய்த்தால், தைத்து முடித்தபின் அது நாற்பத்தைந்து டிகிரிக்கு வந்துவிடும். கண்மதிப்பில் நாற்பத்தைந்து என்று வெட்டினால் ஆசனவாயின் அருகே போய் நிற்கும். நேர்நடுவே கீழ்நோக்கி வெட்டினால் ஆசனவாய்த் தசைக்குள் ஓடிவிடும் அபாயம் இன்னும் அதிகம். தையலை வெட்டின் உள்முனைக்கு ஒரு சென்டிமீட்டர் மேலிருந்து தொடங்கி, தொடர்தையலாகப் போட்டால் வலி குறைவு. முடிந்ததும் ஆசனவாயில் விரல் விட்டு, தையல் உள்ளே ஏறவில்லை, தசை அறுபடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வைத்த பஞ்சையும் காஸையும் எண்ணி எடுக்க வேண்டும். ஒரு காஸ் உள்ளே தங்கினால் என்னவாகும் என்று பார்த்தவர்கள் இதை விளையாட்டாக எடுக்க மாட்டார்கள்.

இளைய நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வெட்டினால் ஏன் வெட்டினீர்கள் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள், அவளிடமும் ஒரு வரி சொல்லுங்கள். இரண்டு வலிகளுக்கு நடுவே அதற்கு நேரம் இருக்கிறது. லேபர் ரூம்களின் தரத்தை உயர்த்த 2017-ல் மத்திய அரசு தொடங்கிய லக்‌ஷ்யா திட்டம் பெண்ணை மரியாதையாக நடத்துவதையும் ஒரு குறிக்கோளாகச் சொல்கிறது. அந்த மரியாதை இந்த ஒரு வரியிலிருந்து தொடங்கட்டும்.

கர்ப்பிணிப் பெண்களுக்கும் வீட்டாருக்கும்: எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள், இங்கே எல்லாருக்கும் வெட்டுவீர்களா, தேவைப்பட்டால் மட்டுமா என்று. தலைப்பிரசவமானால் முப்பத்துநான்கு முப்பத்தைந்து வாரத்திலிருந்து பெரினியத்தை எண்ணெய் தொட்டு மெதுவாக நீவி விட்டு வருவது தையலைக் குறைக்கும். முறையை உங்கள் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தையல் போட்டு வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், துர்நாற்றம், வீக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயுவையோ மலத்தையோ அடக்க முடியவில்லை என்றால் பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆசனவாய்த் தசை கிழிந்தது கவனிக்கப்படாமல் மேலே தையல் விழுந்திருக்கலாம். மாதங்கள் கழித்துப் போனாலும் அதற்கு வைத்தியம் உண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.